மாம்பழத்தை காயா வாங்கி வீட்லயே பழுக்க வைக்கலாமா? கல் வச்ச பழத்தை எப்படி கண்டுபிடிக்கிறது? ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

தாராளமா பழுக்க வைக்கலாம், சொல்லப்போனா காயா வாங்குறதுதான் நல்லது. நான் சித்தூர்க்காரன், வீட்ல தமிழ் வெளிய தெலுங்கு, வெயில் காலம் வந்தா ரெண்டு பாஷைலயும் மாங்கா பேச்சுதான். கல்லுன்னு சொல்றது கார்பைடு கல், அதுக்கு அப்புறம் வர்றேன், அதைவிட முக்கியம் காய் முத்துனதா இல்லையாங்கிறது.

ஏன்னா மரத்துல இருக்கும்போது காய்க்குள்ள சேர்ற மாவுச்சத்துதான் பழுக்கும்போது இனிப்பா மாறுது. விலை நல்லா இருக்குன்னு முன்னாடியே பறிச்சுட்டா அந்த மாவு சரியா சேர்ந்திருக்காது, அப்புறம் நீங்க வைக்கோல்ல வச்சாலும் சரி கடைக்காரர் கேஸ் விட்டாலும் சரி, தோல் மஞ்சளாகும் ருசி வராது, வெம்பல்தான். அதனால கலரைப் பாத்து வாங்காதீங்க. காம்புக்கு ரெண்டு பக்கமும் நல்லா உப்பி, காம்பு ஒரு பள்ளத்துல உக்காந்த மாதிரி இருக்கணும், கைல எடுத்தா கனமா இருக்கணும். பெட்டியா வாங்குறீங்கன்னா ஒண்ணை அறுத்துக் காட்டச் சொல்லுங்க, தப்பே இல்ல, கொட்டை ஓடு கத்திக்கு அசையாம கெட்டியா இருந்து சதை கொட்டைகிட்ட லேசா மஞ்சளேறி இருந்தா எடுத்துக்கலாம். வீட்டுக்கு வந்தப்புறம் சந்தேகம்னா வாளித் தண்ணில போடுங்க, முத்துனது அடில போயிடும், மிதக்குறதைத் தனியா எடுத்து வச்சு ஊறுகா போட்டுடுங்க.

எங்க பக்கம் பங்கனப்பள்ளி பாதி சித்திரைக்கு மேலதான் நல்லா வரும். அதுக்கு முன்னாடி பளபளன்னு மஞ்சளா அடுக்கி வச்சிருந்தா நான் தொடவே மாட்டேன். (பாலக்காடு முதலமடை பக்கம் சீசன் முன்னாடியே ஆரம்பிச்சுடும், அந்த சரக்கு கணக்கு வேற.) நீலம் கடைசில வரும், வாசனையும் ருசியும் அருமை, ஆனா கொட்டைக்குள்ள வண்டு இருக்கும், அது காய் பிஞ்சா இருக்கும்போதே உள்ள போயிடும், போன ஓட்டையும் மூடிக்கும், வெளிய பாத்து யாராலயும் சொல்ல முடியாது. கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, கொட்டையைத் தூக்கிப் போட்டுட்டு சதையை சாப்பிடலாம். கிளிமூக்கு பழமா எனக்குப் பிடிக்காது, காயா உப்பு மொளகாத்தூளோட சரி, இல்லன்னா கூழ் ஃபேக்டரிக்குத்தான்.

இப்ப கல். கார்பைடு கல்லுல ஈரம் பட்டா அசிட்டிலின் கேஸ் வரும், காயைப் பழுக்க வைக்கிறது அதுதான், அதோட ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும், அதனாலதான் தடை. ஆனா பெட்டிக்குள்ள பொட்டலம் பாத்த உடனே பதறாதீங்க, எத்திலீன் பவுடராவும் இருக்கலாம். எத்திலீன் பழமே விடுற கேஸ்தான், 2016ல இருந்து 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வரைக்கும் சட்டப்படி அனுமதி இருக்கு. சாம்பல் கலர் கல்லு, இல்ல அது கரைஞ்சு சுண்ணாம்பு மாதிரி பொடி, கூடவே பூண்டு மாதிரி நாத்தம்னா மட்டும் பெட்டியை அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க. தோல் முழுக்க ஒரே மஞ்சளா இருந்து, உள்ள வெள்ளையா புளிப்பா, வாசனையே இல்லன்னாலும் சந்தேகப்படலாம், ஆனா அது வெறும் பிஞ்சாவும் இருக்கலாம், பாத்து மட்டும் உறுதியா சொல்ல முடியாது.

பழுக்க வைக்கிறது சுலபம். காம்புல பால் வடிஞ்சிருந்தா துடைச்சுட்டு (அந்தப் பால் பட்ட எடம்தான் கறுத்துப் போகும்), அட்டைப் பெட்டில வைக்கோல் இல்ல பேப்பர் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தாம வைங்க, நடுவுல ஒரு வாழைப்பழம் போட்டா சீக்கிரம் பழுக்கும். பிளாஸ்டிக் கவர்ல கட்டிடாதீங்க, வேர்த்து கரும்புள்ளி விழுந்துடும். அரிசி டப்பாவுல போடுறவங்க இருக்காங்க, பழுக்கும், ஆனா மறந்துடுவாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு நாலஞ்சு நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள ஆயிடும், தினம் ஒரு தடவை காம்புகிட்ட மோந்து பாத்து, ஆனதை எடுத்துட்டு அழுகினதை உடனே வெளிய போட்டுடுங்க, ஒண்ணு அழுகினா பக்கத்துல இருக்கிறதும் போயிடும்.

காயை மட்டும் ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. 12, 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் கறுத்துடும், அப்புறம் வெளிய எடுத்தாலும் சரியா பழுக்காது, வாசனையும் வராது. செங்காயா இருந்தாலும் வெளியவே இருக்கட்டும். நல்லா பழுத்தப்புறம் வச்சா நாலஞ்சு நாள் தாங்கும். அதுக்கு மேல மிச்சமிருந்தா தோல் சீவி துண்டு போட்டு டப்பால அடைச்சு ஃப்ரீசர்ல வைங்க, மாசக்கணக்குல இருக்கும், சின்ன சின்ன டப்பாவா போட்டுக்குங்க, ஒரு தடவை எடுத்து உருகினதைத் திரும்ப உள்ள வைக்க வேணாம்.