4294967297: இன்னும் கொஞ்சம் மேலே போங்கள்

500 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் 4294967297 மீதியின்றி வகுபடவில்லை, அப்படியானால் இது பகா எண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. 641-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 6700417, மீதி 0.

இது 2³² + 1. பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இதைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். ஆக 193, 257, 449, 577, அடுத்து 641 என்று ஐந்தே முயற்சி போதும். நீங்கள் போட்ட மற்ற வகுத்தல் எல்லாம், பாவம், வீண் உழைப்பு.

வகுக்காமலும் காட்டலாம், எனக்குப் பிடித்த வழி அதுதான். 641 = 5×2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. எனவே 641-ஐப் பொறுத்தவரை 5×2⁷ என்பது −1 மாதிரி. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அப்புறம் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடுங்கள்: −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

6700417 பகா எண்தான், அதை உடைக்க மெனக்கெட வேண்டாம்.