மூணாவது தடவையும் கொண்டு போய் விடப் போறீங்களா?

வணக்கம் அக்கா,

உங்க எழுத்த மூணு நாலு வருஷமா படிக்கறேன், எழுதறது இதான் மொத தடவ. எங்களுக்கு வலங்கைமான் பக்கம். தங்கச்சிய மன்னார்குடி பக்கம் குடுத்து ஆறு வருஷம் ஆச்சு, ஒரு பொண்ணு, யூகேஜி படிக்குது. மாப்ள குடிச்சா கை நீட்டுவாரு, மத்தபடி தங்கமான ஆளு, வெளில ஒரு சொல்லு வாங்குனது கெடயாது. ரெண்டு தடவ கோச்சுக்கிட்டு வந்தா, ரெண்டு தடவையும் பெரியவங்கள வச்சு பேசி கொண்டு போய் விட்டோம். மொத தடவ ரெண்டு பவுன் செயின் போட்டோம், அடுத்த தடவ மாப்ள வண்டிக்கு மிச்சம் இருந்த டியூவ நாங்களே கட்டுனோம். இப்ப மறுபடி வந்துருக்கா. அடி வெளில தெரியற மாதிரி இல்ல, முதுகுலயும் தோள்பட்டையிலயும்தான், அம்மா எண்ண தேய்க்கறப்பதான் பாத்துருக்காங்க. குறுவ நடவு ஓடிக்கிட்டு இருக்கற நேரம், தெருவுல எல்லாரும் அனுப்பி வைங்கன்னுதான் சொல்றாங்க. கேஸுன்னு போனா மாப்ள ஜெயிலுக்கு போவாரு, அப்பறம் வாழவே முடியாதுங்கறாரு மாமா. வர்ற ஞாயித்துக்கெழம பேச்சு வச்சிருக்கோம். சொத்து பிரச்சன எதுவும் இல்லக்கா, கல்யாணம் ஆன அடுத்த வருஷமே தங்கச்சி தனக்கு சொத்துல பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டு குடுத்துட்டா. என்ன பண்ணலாம்னு சொல்லுங்க. பேர் போட வேணாம்.

-------

தம்பி,

பேர் போடல. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி கெடைக்கணுமேன்னு மெயில்லயே பதில் அனுப்பிட்டேன், நீங்க சரின்னு சொன்னதால கொஞ்சம் சேத்து இங்கயும் போடறேன்.

உங்க கடுதாசிய மூணு தடவ படிச்சேன். மாமா என்ன சொன்னாரு இருக்கு, தெருவு என்ன சொல்லுது இருக்கு, அம்மா என்ன பாத்தாங்க இருக்கு. தங்கச்சி என்ன சொன்னான்னு ஒரு வரி இல்ல.

எனக்கு பத்து வயசு இருக்கும், எங்க எதுத்த வீட்டு திண்ணையில இதே மாதிரி ஒரு பேச்சு நடந்துச்சு. அரசலாத்துக்கு போற தெருவு, வெயில் நேரம், ஏழெட்டு ஆம்பளைங்க, எங்கப்பாவும் ஒருத்தரு, வெத்தல பாக்கு, சோடா எல்லாம் வந்துச்சு. அந்த அக்கா நெலப்படிக்கு பின்னாடி கதவ புடிச்சிக்கிட்டு நின்னாங்க. ரெண்டு மணி நேரம் பேசுனாங்க, அதுல பாதி நேரம் தண்ணி எப்ப வரும் மேட்டூர் எப்ப தொறப்பான்னுதான் போச்சு, கடசியில "ரெண்டு பேரும் அனுசரிச்சி போங்க"ன்னு முடிச்சி அஞ்சு மணி பஸ்ஸுல ஏத்தி விட்டாங்க. அந்த அக்கா ஒரு கையில புள்ளையும் இன்னொரு கையில மாமியாருக்கு முறுக்கு போட்ட தூக்குவாளியுமா போனது அப்படியே கண்ணுல நிக்குது. அன்னிக்கு முழுக்க அவங்கள யாரும் ஒத்த கேள்வி கேக்கல.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? கல்யாணமான புதுசுல கும்மோணத்துல வாடகைக்கு இருந்தப்ப மாடி வீட்டு பொண்ணு ஒரு நாள் வந்து ஒதடு வீங்கி உக்காந்துச்சு, நான் காப்பி போட்டு குடுத்து "புள்ளைக்காக பொறுத்துக்கம்மா"ன்னு அனுப்பி வச்சேன். அதுக்கப்பறம் மாடிப்படியில பாத்தா சிரிக்கும், அவ்வளவுதான், எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல. நல்லது சொன்னதா ரொம்ப நாள் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

சரி, உங்க விஷயம். மொத தடவ அடிச்சப்ப செயின், ரெண்டாவது தடவ வண்டி டியூ. நீங்க அத சமாதானம்னு நெனச்சீங்க, அந்தாளு கணக்குல அது கூலி தம்பி. இந்த தடவ என்ன குடுக்கறதா இருக்கீங்க? கோவிச்சுக்காதீங்க, ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கச் சீர் மாதிரி நம்ம பக்கம் இதுவும் ஒரு சீர் ஆயிப்போச்சு, அதுக்கு பேரு மட்டும்தான் இல்ல.

அப்பறம் அந்த குடி. குடிச்சா கண்ணு மண்ணு தெரியலன்னா அடி மூஞ்சில விழுந்துருக்கணும், கையில விழுந்துருக்கணும். ரவிக்கை கை எது வரைக்கும் மறைக்கும்னு பாத்து பாத்து அடிச்சிருக்காரு. வெளில ஒரு சொல்லு வாங்காத ஆளுன்னு எழுதறீங்களே, அத வாங்காம இருக்கத்தான் முதுகுல அடிக்கறாரு. குடிய நிறுத்தட்டும், நல்லதுதான், ஆனா குடிதான் காரணம்னு ஞாயித்துக்கெழம யாராச்சும் ஆரம்பிச்சா நம்பாதீங்க.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல, அடி வாங்குன பொம்பளைங்கள்ல நூத்துக்கு 77 பேரு யாருகிட்டயும் உதவி கேக்கல, வாய விட்டு சொல்லக்கூட இல்ல. கேக்கறவங்களும் மொதல்ல ஓடி வர்றது பொறந்த வூட்டுக்குத்தான், போலீசுக்கு போறவங்க ரொம்ப கம்மி. உங்க தங்கச்சி மூணு தடவ உங்க வாசல்ல வந்து நின்னுருக்கா.

கேஸுன்னா ஜெயில்னு மாமா சொல்றாரே, அவரு சொல்றது புருஷன், மாமியார் வூட்டு கொடுமைக்கான பழைய ஐபிசி 498ஏ பிரிவு, 1983ல வந்தது, இப்ப புது சட்டத்துல 85ஆவது பிரிவு. அது கிரிமினல். அது இல்லாம 2005ல தனியா ஒரு குடும்ப வன்முறை சட்டம் வந்துச்சு, 2006 அக்டோபர்லேருந்து நடைமுறையில இருக்கு. அதுல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல உத்தரவு வாங்கறதுதான் மொத வேல. கை வைக்கக்கூடாது, வூட்ட விட்டு தொரத்தக்கூடாது, செலவுக்கு பணம் குடுக்கணும், புள்ள அம்மாகிட்ட இருக்கணும், இப்படி. வூடு மாமனார் பேர்ல இருந்தாலும் அவ குடியிருந்த வூடுதான், இஷ்டத்துக்கு வெளில தள்ள முடியாது. கை வைக்காதன்னு போட்ட உத்தரவ மீறுனாத்தான் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல இருவதாயிரம் அபராதம், இல்ல ரெண்டும். இப்ப உங்க வூட்டுல இருக்கறதால உங்க பக்கத்து கோர்ட்டுலயே மனு போடலாம், மன்னார்குடிக்கு அலைய வேணாம். இலவச சட்ட உதவிக்கு பொம்பளைங்களுக்கு வருமான கணக்கே பாக்க மாட்டாங்க. அவசரம்னா பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் 181, ராத்திரியிலயும் எடுப்பாங்க. அறுவது நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடப்புல இழுக்கும், அதையும் இப்பவே சொல்லிடறேன். மகளிர் ஸ்டேஷனுக்கும் போகலாம், ஆனா 1992லேருந்து இருக்கற அந்த ஸ்டேஷன்கள்ல சில எடத்துல உங்க திண்ணப் பேச்சையே மேஜ நாக்காலி போட்டு பேசுவாங்க, நானே கூடப் போயி பாத்துருக்கேன்.

இப்ப நீங்க கடசியா போற போக்குல எழுதுன வரிக்கு வர்றேன். "சொத்து பிரச்சன எதுவும் இல்ல, கையெழுத்து போட்டு குடுத்துட்டா." இந்த வரியில மட்டும் தங்கச்சி ஏதோ செஞ்சிருக்கா தம்பி! பொண்ணுக்கும் பூர்வீக சொத்துல பங்குன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்துச்சு, நம்ம டெல்டாவுல அதுக்கு பதில் சட்டமா விடுதலைப் பத்திரத்த கண்டுபுடிச்சோம். பத்திர ஆபீஸ்ல அன்னிக்கு ஒரு பொடவையும் ஓட்டல் சாப்பாடும் வாங்கி குடுத்துருப்பீங்க, எங்கண்ணனும் எனக்கு அதான் செஞ்சாரு. உங்களுக்கு நெலம் நாலு மா இருக்கோ பத்து மா இருக்கோ எனக்கு தெரியாது. அவளுக்குன்னு அதுல ஒரு மா இருந்துருந்தா, கொல்லப்பக்கம் ஒரு ரூமு இருந்துருந்தா, இந்த வூட்டுக்கு அவ வர்றத "கோச்சுக்கிட்டு வந்தா"ன்னு எழுதியிருப்பீங்களா? தன் வூட்டுக்கு யாராச்சும் கோச்சுக்கிட்டா வருவாங்க? பத்திரம் போட்டது போட்டதுதான், ஆனா அதே ஆபீஸ்ல நீங்க அவ பேருக்கு ஒரு செட்டில்மெண்ட் எழுதி குடுக்கறத யாரும் தடுக்கப் போறதில்ல. செயினுக்கும் வண்டிக்கும் போன காச யோசிச்சு பாருங்க.

ஞாயித்துக்கெழம பேச்ச தள்ளி வைங்க. வெள்ளிக்கெழம நடவுக்கு ஆள வுட்டுட்டு, அவ சரின்னு சொன்னா, காலையில குடவாசல் வழியா போற திருவாரூர் பஸ்ஸ புடிச்சு ரெண்டு பேரும் கலெக்டர் ஆபீஸுக்கு போங்க, அங்க சமூக நல அலுவலகத்துல, இந்த குடும்ப வன்முறை சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர்னு கேட்டா காட்டுவாங்க. ஆதார், கல்யாண பத்திரிக்க, புள்ளையோட பொறந்த சர்ட்டிபிகேட்டு, ஆஸ்பத்திரி சீட்டு ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கச் சொல்லுங்க. எதுவும் இல்லன்னாலும் போங்க. உள்ள அவள கேள்வி கேப்பாங்க, நீங்க பதில் சொல்லாதீங்க, வெளில பெஞ்சு கெடக்கும், புள்ளைய வச்சிக்கிட்டு அங்க உக்காந்துருங்க.