சி மொழியில் பெயர் வைக்கும்போது: வாசகர் கேள்விகள்

கோப்பில் குறிப்பு எழுத 'லாக்' என்று ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். மடக்கை கணக்கிடும் லைப்ரரி 'லாக்'கை அறிவிக்கும் மேத்.எச் ஹெடரைச் சேர்க்கவே இல்லை. பிறகு ஏன் கம்பைலர் எச்சரிக்கிறது?

ஹெடரைச் சேர்க்காவிட்டால் பெயர் காலியாகக் கிடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எப்போதோ லைப்ரரிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர்களை குளோபலாக, அதாவது பிற கோப்புகளிலிருந்தும் அழைக்கக்கூடிய பெயர்களாக, நீங்கள் வைக்கக்கூடாது. ஹெடர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி ஒன்றுதான்.

காரணம், கம்பைலான கோப்புகளையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கர். அதற்கு ஹெடர் என்றால் என்னவென்றே தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். லைப்ரரிக்குள் வேறு ஏதாவது ஒன்று மடக்கை கேட்டு 'லாக்'கை அழைத்தால், அழைப்பு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். கம்பைலரும் தன் பங்குக்குக் குழப்பும்: ஜிசிசி என்ற கம்பைலருக்கு இந்தப் பெயரின் பொருள் முன்பே தெரியும் என்பதால், மாறிலியைக் கொடுத்து அழைத்தால் அழைப்பையே எடுத்துவிட்டு விடையை வைத்துவிடக்கூடும். 'நேற்று வரை ஓடியதே' என்று சொல்லிப் பயனில்லை. மீறினால் வருவது வரையறுக்கப்படாத நடத்தை. சரியாக ஓடுவதும் அதில் அடக்கம்.

ஸ்டாடிக் போட்டு, பெயரை அந்தக் கோப்புக்குள் மட்டும் அடக்கிவிட்டால்?

தப்பித்தீர்கள், அந்தக் கோப்பில் மேத்.எச் இல்லாதவரை. ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் மாறிக்கு 'டைம்' என்று பெயர் வைப்பதிலும் தவறில்லை.

ஸ்ட்ரக்ட் உறுப்பில் ஒரு கண்ணி உண்டு. லைப்ரரி ஃபங்ஷன் எதையும் ஹெடரில் மேக்ரோவாகவும், அதாவது கம்பைலுக்கு முன்பே வேறு உரையாக விரியும் பெயராகவும், கொடுக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. 'கெட்சி' என்ற லைப்ரரிப் பெயரில் ஃபங்ஷன் பாயின்டர் உறுப்பு வைத்து அழைத்தால், பெயரை அடுத்து அடைப்புக்குறி வருவதால் மேக்ரோ விரிந்துவிடலாம். உறுப்பை எடுக்கும் பகுதி முழுவதையும் தனி அடைப்புக்குறிக்குள் போட்டு அழைத்தால் விரியாது. நான் பெயரையே மாற்றிவிடுவேன்.

ஹெடர் கார்டை, அதாவது ஒரே ஹெடர் இருமுறை சேராமல் காக்கும் பெயரை, அடிக்கோட்டில் தொடங்கிப் பெரிய எழுத்தில் எழுதலாமா?

கூடாது. அடிக்கோட்டை அடுத்துப் பெரிய எழுத்தோ இன்னொரு அடிக்கோடோ வந்தால், அந்தப் பெயர் எங்கேயும் உங்களுடையதல்ல. அடிக்கோட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள், போதும்.

ஸ்டாக்கின் மேல் உறுப்பைத் தரும் ஃபங்ஷனுக்கு 'டாப்' என்று பெயர் வைத்தேன். நண்பர் அதுவும் தவறு என்கிறார். கேலி செய்கிறாரா?

இல்லை, விதியைக் கரைத்துக் குடித்தவர் போல. 'டிஓ', 'ஐஎஸ்' என்று தொடங்கி அடுத்துச் சிறிய எழுத்து வரும் ஃபங்ஷன் பெயர்கள் எதிர்காலத்துக்காக ஒதுக்கப்பட்டவை. 'டோக்கன்', 'டோட்டல்' எல்லாம் இதே வலையில் விழும். 'எஸ்டிஆர்', 'எம்இஎம்' என்று தொடங்குவனவும் அப்படியே. வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்: நெடுங்காலம் சி ஸ்டாண்டர்டில் இல்லாமல், யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் விதிகளில் இருந்த 'ஸ்டர்டப்', சி மொழியின் சி23 பதிப்பில் ஸ்டாண்டர்டுக்குள் வந்துவிட்டது. அதே சி23 இந்த வகைப் பெயர்களை 'ஒதுக்கப்படக்கூடியவை' என்று தளர்த்தியதால், 'டாப்'புக்காக இன்று உறக்கம் கெட வேண்டியதில்லை. 'டிஓ', 'எஸ்டிஆர்' போன்ற முன்னொட்டை அடுத்து ஓர் அடிக்கோடு போட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

லைப்ரரி இல்லாத சிறு கர்னலுக்கு, நினைவகத்தை ஒரே பைட்டால் நிரப்பும் 'மெம்செட்'டை நானே எழுதினேன். ஆப்டிமைசேஷன் போட்டதும் தொங்குகிறது. எளிய லூப்தான்!

அந்த லூப்தான் வினை. ஒரே பைட்டை வரிசையாக நிரப்பும் லூப்பைக் கண்டால், ஜிசிசி அதை 'மெம்செட்' அழைப்பாக மாற்றிவிடக்கூடும். இங்கே அந்த 'மெம்செட்' நீங்கள் எழுதியதேதான். ஆகவே அது தன்னையே அழைத்துக்கொண்டு சுற்றுகிறது.

லைப்ரரி இல்லாத சூழலில் இந்தப் பெயரை நீங்கள் வரையறுப்பது குற்றமல்ல, கட்டாயம்: 'மெம்காப்பி', 'மெம்மூவ்', 'மெம்செட்', 'மெம்கம்ப்' நான்கும் இருக்கும் என்றே ஜிசிசி எதிர்பார்க்கிறது. லைப்ரரி இல்லை என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் கொடி (கம்பைலர் விருப்பம்) மட்டும் லூப் மாற்றத்தை நிறுத்தாது. அந்த ஒரு கோப்பை மட்டும் 'நோ ட்ரீ லூப் டிஸ்ட்ரிபியூட் பேட்டர்ன்ஸ்' கொடியோடு கம்பைல் செய்யுங்கள்.