பல்லும் முகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திருமணத்துக்கு முன்பு என் முன்பற்களுக்குச் செய்துகொண்ட சிகிச்சையைப் பற்றியும், கல்லூரி நாட்களில் முகத்துக்குப் பூசிய களிம்பைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் மூன்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. நானே பட்டு அறிந்ததையும், பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 23. தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்துக்கு அருகில் வசிக்கிறோம். சிறு வயதிலிருந்தே முன்பற்களில் காவி ஏறியிருக்கிறது. தை மாதம் திருமணம். இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. ஒரு பல் மருத்துவர் எட்டுப் பற்களை ராவி ‘கேப்’ போட்டுவிடலாம் என்கிறார். இன்னொருவர் வெளுக்க வைக்கும் மருந்தே போதும் என்கிறார். ஒரேயடியாகக் கேப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது அம்மாவின் எண்ணம். எதைச் செய்வது?

பதில்: நானும் அந்த மாவட்டத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றவள் என்பதால், உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது நீங்கள் ஒழுங்காகப் பல் துலக்காததால் வந்ததல்ல. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் அளவு இதைத் தாண்டிவிடுகிறது. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை, ஈறுக்குள்ளேயே முன்பற்களின் எனாமல் என்னும் கடினமான மேலுறை உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்த நீரைக் குடித்தால் எனாமலின் உட்பகுதி நுண்துளைகளோடு அமைந்துவிடுகிறது. பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறுகிறது. காவிரி ஆற்று நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நமக்கு 2013-இல்தான் வந்தது. அதற்குள் உங்கள் முன்பற்கள் உருவாகி முடிந்திருந்தன.

இனி கேப்பைப் பற்றி. எனக்கு 24 வயதில் மேல்வரிசையில் ஆறு பற்களுக்குப் போட்டார்கள். எவ்வளவு ராவுவார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் ராவி முடித்த பின், வாய் கொப்பளிக்க எழுந்தபோது எதிரில் இருந்த கண்ணாடியில் என் வாயைப் பார்த்தேன். சீவிய பென்சில் முனைகளைப் போல ஆறு சிறிய மஞ்சள் குச்சிகள் நின்றுகொண்டிருந்தன. அன்றிரவு வெறும் காற்றுப் பட்டாலே நெற்றிப்பொட்டு வரை கூசியது. திருமணப் படங்களில் நன்றாகத்தான் சிரித்திருக்கிறேன், அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒன்பதாம் ஆண்டில் ஒரு பல் உள்ளுக்குள் செத்து, வேர் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் ஆண்டில் ஈறு இறங்கி, கேப்பின் விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரியத் தொடங்கியதால் ஆறையும் மாற்றினேன். ‘ஒரேயடியாக’ என்று அம்மா சொல்வது இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது. கேப்புக்கும் ஆயுள் உண்டு. 23 வயதில் போட்டால், வாழ்நாளில் பல முறை மாற்ற வேண்டியிருக்கும்.

முழுக் கேப்புக்காகப் பல்லைத் தயார் செய்யும்போது, வெளியே தெரியும் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. போன எனாமல் திரும்பி வளராது. முன்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் வெனீர் என்னும் மெல்லிய பீங்கான் தகட்டுக்குப் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவில் ராவினால் போதும். அதற்கும் முந்திய படிகள் இருக்கின்றன என்பதை எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன். அமிலமும் நுண்துகளும் கலந்த பசையைப் பல்லின் மேற்பரப்பில் தேய்த்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கை மட்டும் எடுக்கும் மைக்ரோஅப்ரேஷன் என்னும் முறை, உங்களுடையதைப் போன்ற காவிக்குப் பல நேரங்களில் நல்ல பலன் தருகிறது. அதன் பிறகு, உங்கள் வாய்க்கு அளவெடுத்துச் செய்த தட்டில் பல்லை வெளுக்க வைக்கும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு பசையை வைத்து, சில வாரங்கள் இரவில் அணியச் சொல்வார்கள். முதல் சில நாட்கள் கூச்சம் இருக்கும். வெண்புள்ளிகள் தொடக்கத்தில் முன்னைவிட எடுப்பாகத் தெரியக்கூடும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். எஞ்சும் திட்டுகளைப் பல் நிறப் பூச்சான காம்போசிட்டால் மறைக்கலாம். ஆனால் வெளுக்க வைத்து இரண்டு வாரங்களாவது கழித்துத்தான் அதை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு குறையும். நான்கு மாதங்கள் இதற்கெல்லாம் போதும்.

பல்லில் குழிகள் விழுந்து எனாமல் பெயர்ந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது வெனீரோ கேப்போ தேவைப்படலாம். அதைப் பார்த்துச் சொல்ல, பற்பாதுகாப்புத் துறையில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ மேற்படிப்பை முடித்த ஒருவரிடம் காட்டுங்கள். சென்னைக்கு வர முடிந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். எங்கே சென்றாலும், “எத்தனை மில்லிமீட்டர் ராவுவீர்கள்?” என்று அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

கேள்வி: என் பற்களில் கறையும் காறையும் இருப்பதால், மகன் சுத்தம் செய்துகொள்ளச் சொல்கிறான். மெஷின் வைத்தால் பல் ஆடிப்போகும் என்கிறார்களே? (58 வயது வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: ஐயா, ஆட்டத்துக்குக் காரணம் மெஷின் அல்ல, காறைதான். அது ஈறுக்கடியில் இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கிறது. பல ஆண்டுக் காறை, சிமெண்டு பூசியதுபோல் பற்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதால், அதை எடுத்தவுடன் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. சில நாள் கூசும், பிறகு தணியும். மகன் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: முகத்தில் மங்கு இருந்ததால், மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி மூன்று ஆண்டுகளாகப் பூசுகிறேன். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டால்கூட முகம் சிவந்து எரிகிறது. கன்னத்தில் பூனை முடியும் வளர்ந்திருக்கிறது. என்ன செய்வது? (31 வயது வாசகி, ராஜபாளையம்)

பதில்: சகோதரி, அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தடவியதுபோல் இருக்கும். பச்சைத் தண்ணீர் பட்டாலும் ஆறாது. மீண்டும் களிம்பைப் பூசினால் அரை மணியில் அடங்கிவிடும். அப்படி அடங்குவதால்தான், இது நமக்கு நல்லது செய்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

களிம்புக் குழாயில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் ஆகியவற்றோடு மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால், அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. மங்குக்கு அத்தகைய கலவையைத் தோல் மருத்துவர்களும் எழுதித் தருவதுண்டு, ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், அவர்களின் கண்காணிப்பில். ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் மெலிகிறது, ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிகின்றன, பரு வெடிக்கிறது, முடி வளர்கிறது, வெயில் தாங்குவதில்லை. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. அப்படியிருந்தும் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. குழாயில் உள்ளடக்கமே அச்சிடப்படவில்லை என்றால் அது இன்னும் ஆபத்து. அத்தகைய சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிச் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2023-இல் கண்டறிந்தார்கள்.

களிம்பைத் தொடர வேண்டாம் என்பது உறுதி. ஆனால் மூன்றாண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வாரமே போய்விடுங்கள். எனக்கு முகம் பழைய நிலைக்கு வர எட்டு மாதங்கள் ஆயின; முதல் இரண்டு மாதங்களில் முகம் முன்னைவிட மோசமாகத் தெரிந்தது, உறவினர் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனேன். அந்த நாட்களில் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பையும் வெயில் தடுப்புக் களிம்பையும் தவிர வேறெதையும் முகத்தில் வைக்க வேண்டாம். எலுமிச்சை, கடலை மாவு, பார்லர் ப்ளீச் எதுவும் கூடாது. மருத்துவரிடம் போகும்போது அந்தக் குழாயையும், பூசத் தொடங்குவதற்கு முன்பு எடுத்த உங்கள் புகைப்படம் ஒன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.