16 கேட்டால் 18 வருகிறது: போஸ்ட்கிரெஸ் ரெப்போவை ஆட்டோமேட் செய்வது எப்படி?

கேள்வி: எங்களிடம் 14 டேட்டாபேஸ் சர்வர்கள் இருக்கின்றன. பன்னிரண்டு டெபியன் 12, இரண்டு ராக்கி லினக்ஸ் 8. எல்லாவற்றிலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 16-ஆம் பதிப்பு ஓட வேண்டும். புது சர்வர் வரும்போதெல்லாம் பழைய நோட்ஸிலிருந்து நாலு வரியை காப்பி செய்து பிஜிடிஜி ரெப்போவை (போஸ்ட்கிரெஸ் குழுவே நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம்) சேர்க்கிறோம். போன வாரம் அப்படிப் போட்ட ஒன்றில் 18 ஏறிவிட்டது. ரெப்போவின் கீயைச் சேர்க்கும் ஆப்ட்-கீ என்ற கட்டளை பற்றி ஓர் எச்சரிக்கையும் வருகிறது. இதை அன்சிபிள் என்ற ஆட்டோமேஷன் கருவியில் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்த 18-ஐப் பார்ப்போம். ரெப்போ மீது தப்பில்லை. உங்கள் நோட்ஸின் கடைசி வரி, எண் எதுவும் இல்லாமல் வெறுமனே 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்ற பேக்கேஜைக் கேட்டிருக்கும். அது மெட்டா பேக்கேஜ். தன்னுள் எதையும் வைத்திருக்காது, வேறொன்றைக் கைகாட்டிவிடும். டெபியன் 12-இன் சொந்த ரெப்போவில் அது 15-ஐக் காட்டும். பிஜிடிஜியைச் சேர்த்துவிட்டால் அன்றைக்கு எது புதிய பெரிய பதிப்போ அதைக் காட்டும். 2025 செப்டம்பரில் 18 வெளியானது. அதே நோட்ஸ் 2024 தொடக்கத்தில் 16-ஐத்தான் தந்திருக்கும். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் போனது அதனால்தான்.

புது சர்வரில் நடந்ததால் தப்பித்தீர்கள். ஏற்கெனவே 16 ஓடும் சர்வரில் அதே வரியை ஓட்டியிருந்தால், 16 பாட்டுக்கு 5432 போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே 18-க்கு ஒரு காலி கிளஸ்டர் (தனி டேட்டா கோப்புறையோடு ஓடும் போஸ்ட்கிரெஸ்) உருவாகி 5433-இல் உட்கார்ந்துவிடும். எந்த எரரும் வராது. 'பிஜி-எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளையை ஓட்டினால் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி தெரியும். மற்ற பதினொரு டெபியன் சர்வர்களிலும் இன்றே ஓட்டிப் பாருங்கள்.

ஆகவே பிளேபுக்கில் (அன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்) பதிப்பு எண்ணை ஒரே ஒரு வேரியபிளில் வையுங்கள். பேக்கேஜ் பெயர் அதிலிருந்தே உருவாகட்டும்: டெபியனில் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16', ராக்கியில் எண்ணுக்கு முன் கோடு இல்லாமல் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்16-சர்வர்'. நிறுவும் டாஸ்க்கில் ஸ்டேட் எப்போதும் 'பிரசென்ட்' (இருந்தால் போதும்), 'லேட்டஸ்ட்' (எப்போதும் புதியது) வேண்டவே வேண்டாம். இன்னொரு பூட்டும் போடலாம். டெபியனின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட்டின் பிரிஃபரன்சஸ் கோப்புறையில் ஒரு சின்ன கோப்பு வைத்து, எண்ணில்லாத அந்த மெட்டா பேக்கேஜுக்கு மட்டும் முன்னுரிமை மதிப்பை ('பின்') -1 ஆக்குங்கள். அதன் பிறகு யாராவது அவசரத்தில் கையால் அடித்தாலும் ஆப்ட் அதை நிறுவாது. ஆனால் லிப்பிக்யூ5 என்ற கிளையன்ட் லைப்ரரி மட்டும் 18-இன் பதிப்பாகத்தான் வரும். பிஜிடிஜி அதை எப்போதும் புதியதாகவே தருகிறது, பழைய சர்வர்களோடும் அது ஒத்துப்போகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்து கீ, அதாவது பேக்கேஜ் உண்மையில் அந்த ரெப்போவிலிருந்தே வந்ததா என்று சரிபார்க்கும் கையெழுத்துச் சாவி. ஆப்ட்-கீ வழியாகச் சேர்த்த கீயை அந்த சர்வரில் உள்ள எல்லா ரெப்போவுக்கும் ஆப்ட் நம்பும், எச்சரிக்கை அதற்காகத்தான். டெபியன் 13-இல் அந்தக் கட்டளையே கிடையாது, எனவே இப்போதே மாறிவிடுவது நல்லது. அன்சிபிளில் இதற்கென 'டெப்822-ரெப்பாசிட்டரி' என்ற மாட்யூல் 2.15 பதிப்பிலிருந்து உள்ளது. ரெப்போ முகவரி, 'புக்வோர்ம்-பிஜிடிஜி' என்ற ஸூட் (புக்வோர்ம் என்பது டெபியன் 12-இன் ரிலீஸ் பெயர்), 'மெயின்' என்ற காம்போனென்ட், 'சைன்ட்-பை'யில் கீ ஆகியவற்றைக் கொடுத்தால் கோப்பை அதுவே எழுதிவிடும். ஸூட்டில் புக்வோர்ம் என்று நேரடியாக எழுதாமல், அன்சிபிள் சேகரிக்கும் ரிலீஸ் பெயரைப் போடுங்கள். இந்த மாட்யூல் வேலை செய்ய, அந்தந்த சர்வரில் பைதான்3-டெபியன் என்ற பேக்கேஜ் வேண்டும். அதை முந்தைய டாஸ்க்கில் நிறுவாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே நிற்கும்.

கீ கோப்பை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து இறக்காமல், அதன் கைரேகையை (கீயை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) ஒருமுறை சரிபார்த்து, பிளேபுக் இருக்கும் உங்கள் கிட் வெர்ஷன் கன்ட்ரோலில் போட்டு வையுங்கள். அதற்காக மறந்துவிடவும் கூடாது. மைஎஸ்கியூஎல் ரெப்போவின் கீ 2023 டிசம்பரில் காலாவதியானது. ராக்கி போன்றவற்றுக்கான போஸ்ட்கிரெஸின் ஆர்பிஎம் ரெப்போவும் 2024 ஜனவரியில் கீயை மாற்றியது. கீ மாறினால் கிட்டில் ஒரு கோப்பை மாற்றி பிளேபுக்கை ஓட்டினால் போதும் என்ற நிலையில் இருங்கள்.

டெபியனில் வரிசையும் முக்கியம். பேக்கேஜ் நிறுவியதுமே அது தானாக ஒரு கிளஸ்டரை உருவாக்கி ஓட்டவும் தொடங்கிவிடும். டேட்டா வேறு டிஸ்கில் இருக்க வேண்டும், டேட்டா கெட்டுப்போனால் கண்டுபிடிக்கும் செக்சம் வேண்டும் என்றால் இது தொல்லை. முதலில் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்-காமன்' மட்டும் நிறுவுங்கள். அதன் 'கிரியேட்கிளஸ்டர்' கான்ஃபிக்கில், மெயின் கிளஸ்டரை உருவாக்கும் வரியை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அப்புறம் 16-ஐ நிறுவுங்கள்.

ராக்கி 8 வேறு ரகம். அங்கே ராக்கியின் சொந்த ரெப்போவில் போஸ்ட்கிரெஸ் ஒரு மாட்யூலாக (பதிப்பு வாரியான பேக்கேஜ் தொகுப்பு, அன்சிபிள் மாட்யூல் அல்ல) இருப்பதால், பிஜிடிஜி ரெப்போவைச் சேர்த்தாலும் அதன் பேக்கேஜ்களை ராக்கியின் பேக்கேஜ் நிறுவியான டிஎன்எஃப் மறைத்துவிடும். ரெப்போ ஆர்பிஎம்மைப் போட்டதும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் மாட்யூலை டிசேபிள் செய்ய வேண்டும். கிளஸ்டரும் தானாக வராது, அதை உருவாக்கும் இனிட்டிபியை நீங்களே ஓட்ட வேண்டும். இதைவிடப் பெரிய முள் அன்சிபிளிலேயே இருக்கிறது. ராக்கி 8-இன் டிஎன்எஃப் பைதான் 3.6-ஐ நம்பி ஓடுகிறது. அன்சிபிள்-கோர் 2.17 முதல் அதற்கு ஆதரவு இல்லை. டெபியன் பக்கம் குறைந்தது 2.15 வேண்டும், ராக்கி பக்கம் 2.16-ஐத் தாண்டக் கூடாது. ஆக, 2.16-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் இதைத் தெரியாமல் அன்சிபிளைப் புதுப்பித்துவிட்டு, டிஎன்எஃப் டாஸ்க் மட்டும் ஏன் விழுகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

நிறுவியபின் 16-இன் பேக்கேஜுக்கு ஹோல்ட் (அப்டேட் ஆகாமல் தடுக்கும் பூட்டு) போடுவேன். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் சின்ன பதிப்புகள் வரும். டெபியனில் அந்த அப்டேட் ஏறும்போது டேட்டாபேஸும் ரீஸ்டார்ட் ஆகும். வேறு எதற்கோ யாரோ ஓட்டிய அப்கிரேடில், பட்டப்பகலில் அது நடக்கக் கூடாது. ஹோல்டை எடுத்து, அப்டேட் செய்து, மறுபடி போடும் தனி பிளேபுக் ஒன்று எழுதி, நேரம் குறித்து ஓட்டுங்கள். ஹோல்ட் போட்டுவிட்டு அதை எழுதாமல் விட்டால், பாதுகாப்புத் திருத்தங்களே வராது.

ஆப்ட்லி போன்ற கருவியால் உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே ரெப்போவின் நகலை (மிரர்) வைத்து ஸ்னாப்ஷாட் எடுப்பது இன்னும் கறாரான வழி. 14 சர்வருக்கு அது அதிகம் என்பேன். சர்வர்களுக்கு இணையமே கிடையாது என்றால் மட்டும் யோசியுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரே சர்வரில் பிளேபுக்கை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை 'சேஞ்ச்டு' பூஜ்யமாக இருக்க வேண்டும். பிறகு 'ஆப்ட்-கேஷ் பாலிசி'யில் 16-இன் பதிப்பு எண்ணுக்குள் 'பிஜிடிஜி' என்ற எழுத்துகள் தெரிகிறதா என்று பாருங்கள். போன வாரம் 18 ஏறிய அந்த சர்வரில் டேட்டா எதுவும் இல்லையென்றால், திருத்திக்கொண்டிருக்காமல் அதை அழித்துவிட்டு இந்த பிளேபுக்கை முதலில் அதிலேயே ஓட்டுங்கள்.