பதவி இல்லாதவருக்குத் தலைமைப் பண்பு எதற்கு?

"டீம் லீடர்கூட ஆகாத நான் தலைமைப் பண்பை எங்கே பழகுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வருவது துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டனின் தூக்கப் பைகள்தான்.

1915-இல் அண்டார்டிகாவின் வெடல் கடலில் அவருடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி நொறுங்கியது. 28 பேரும் பனிமேல் கூடாரம் போட்டார்கள். கதகதப்பான மான்தோல் பைகள் 18தான் இருந்தன, மற்றவை கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள். பார்த்தால் ஷாக்கில்டனுக்கும் அதிகாரிகள் பலருக்கும் கம்பளியே விழுந்திருக்கிறது! குலுக்கலில் ஏதோ தில்லுமுல்லு என்று ஆட்களுக்கே புரிந்துவிட்டது.

ஆளுக்கு ஒரு கிலோ அளவுக்குத்தான் சொந்தச் சாமான் என்று கறாராகச் சொன்ன மனிதர், தன் தங்கக் காசுகளையே பனியில் வீசினார். ஆனால் குழுவில் இருந்த ஹஸ்ஸியின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மட்டும் விடவில்லை. ஐந்து கிலோவுக்கு மேல் கனம். பாட்டு நின்றால் ஆட்களின் மனசு விட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். அப்புறம், முணுமுணுக்கக்கூடியவர்களை ஒதுக்காமல் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான பாடம்.

28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அதற்காகத் தெய்வமாக்க வேண்டாம். அதே பயணத்துக்காக அண்டார்டிகாவின் மறுபக்கம் போன ராஸ் கடல் குழுவில் 3 பேர் இறந்தார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஆபீஸில் தீபாவளி ஷிஃப்ட், யாரும் எடுக்காத கஸ்டமர் போன், வீட்டில் ராத்திரி ஆஸ்பத்திரித் துணை: இதெல்லாம் கம்பளிப் பைகள். இந்த வாரம் ஒன்றை, யாரிடமும் சொல்லிக்காட்டாமல், நீங்களே எடுத்துப் பாருங்கள்.