ஒரு மாகாணத்தின் சுகாதார அவசரகாலத் தயார்நிலையை எப்படி அளப்பது? கூட்டாட்சி நாடுகளில் பின்பற்றும் முறை வட மாகாணத்துக்குப் பொருந்துமா?

பொருந்தும். இலங்கை கூட்டாட்சி நாடு அல்லத்தான். ஆனால் 1987 இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரம் இரண்டு நிர்வாகங்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மாகாணத்தின் கீழ். இந்தியாவிலும் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்க, தொற்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. நோய் பற்றிய செய்தியும் நடவடிக்கையும் கைமாறிப் போகும் சங்கிலி அறுந்தால் பெரும்பாலும் இரு நிர்வாகங்களும் சந்திக்கும் இடத்தில்தான் அறும். அளவையும் அங்கேதான் எடுக்க வேண்டும்.

ஒரு நாட்டின் தயார்நிலைக்குப் புள்ளி போடும் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு வெளி மதிப்பீடு 2017 இல் இலங்கையில் நடந்தது. 19 துறைகள், ஒவ்வொரு குறிகாட்டிக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. அது நாட்டுக்கான அளவுகோல். கொழும்பில் நல்ல ஆய்வுகூடம் இருந்தால் புள்ளி ஏறிவிடும்; நெடுந்தீவில் எடுத்த இரத்த மாதிரி அங்கே போய்ச்சேர எத்தனை நாள் என்பது அந்த எண்ணில் தெரியாது. ஆகவே அந்தப் படிவத்தை அப்படியே மாகாணத்துக்கு எடுத்து நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதைவிட, நடந்து முடிந்த ஒரு பரவலை எடுத்துத் திகதி திகதியாகப் பின்தொடருங்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சல் (எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், வெள்ளநீர் வழியாகத் தொற்றுவது) நல்ல எடுத்துக்காட்டு. வைத்தியசாலை விடுதிப் பதிவேட்டிலிருந்து இருபது நோயாளிகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து திகதிகளை எழுதுங்கள்: காய்ச்சல் தொடங்கியது, முதலில் வைத்தியரைக் கண்டது, எச்544 அறிவித்தல் படிவம் எழுதியது, அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கிடைத்தது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போனது. பிறகு 7-1-7 இலக்கோடு ஒப்பிடுங்கள்: கண்டறிய 7 நாள், அறிவிக்க 1 நாள், முதற்கட்ட நடவடிக்கைகளை முடிக்க 7 நாள்.

தாமதம் எங்கே என்று பார்த்தால் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். சந்தேகம் எழுந்த உடனேயே எழுதவேண்டிய படிவத்தை, ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று விடுதியில் வைத்திருப்பது ஒன்று. மற்றது முகவரி. நோயாளி பட்டணத்தில் தங்கியிருக்கும் உறவினர் வீட்டைச் சொல்ல, படிவம் வேறு பிரிவுக்குப் போய்விடும். தொற்று ஏற்பட்ட வயலை யாரும் பார்க்கமாட்டார்கள். வாராந்தம் கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும் எச்399 அறிக்கையில் அந்த நோயாளி ஓர் எண்ணாக இருப்பார், ஆனால் தவறான பிரிவில். விடுதிப் பதிவேட்டில் இருந்தும் பணிமனைப் பதிவேட்டில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதே என் பார்வையில் மிக முக்கியமான ஒற்றை எண்.

அடுத்தது கையிருப்பு. "மருந்து உண்டா" என்று கேட்கக்கூடாது, கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் என்ற மருந்து வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் வில்லை இரண்டு. 2,000 விவசாயிகளுக்கு ஆறு வாரத்துக்கு 24,000 வில்லைகள். அவை மாவட்டத்திலேயே உள்ளனவா? கொழும்பிலிருந்து வரவேண்டுமென்றால் யாருடைய கையொப்பத்தில், எத்தனை நாளில்?

கிணற்று நீரை நம்பியிருக்கும் குடாநாட்டில் குளோரினும் அப்படித்தான். மூன்று மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 21,000 லீற்றர். வழமையான அளவான 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்றால் நல்ல பிளீச்சிங் பவுடர் 53 கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றில் அழுக்கு குளோரினைத் தின்றுவிடுவதால் இது போதாது. ஒரு மணித்தியாலம் கழித்து எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதித்தே தீரவேண்டும். களஞ்சியத்தில் மூட்டைகளை எண்ணி எழுதுவதும் ஏமாற்றும். வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். திகதியைப் பாருங்கள், சோதனைப் பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாழ் மாவட்டத்துக்கு ஒரே புள்ளி போட்டால் நாட்டுச் சராசரியில் நடந்த அதே தவறுதான். தீவுகளைத் தனியாக மதிப்பிடுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். கடல் கொந்தளித்தால் படகே இல்லை. மழைக்காலத்தில் தொடர்பு அறுந்தால் அங்குள்ள மருந்து எத்தனை நாளுக்கு வரும், மின்சாரம் போனால் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஞாயிறு இரவு ஒத்திகை வையுங்கள். போதனா வைத்தியசாலையில் ஒரே ஊரைச் சேர்ந்த மூவர் கடும் காய்ச்சலோடு வந்திருக்கிறார்கள் என்று வைத்து, அந்தச் செய்தி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும், அவரிடமிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் எத்தனை மணிக்குப் போய்ச்சேர்ந்தது என்று குறியுங்கள். வாகனத்துக்கு எரிபொருள் எடுக்க அந்த இரவில் யாருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.